அல்ட்ராசோனிக்கில் தேறும் இங்காட்: மேலிருந்து ஊற்றியதா, கீழிருந்து ஊற்றியதா, கன்காஸ்ட்டா, ஈ.எஸ்.ஆரா?

ஃபோர்ஜிங் யூனிட் நடத்துபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. ஷாஃப்ட்டை அடித்து, ஹீட் ட்ரீட்மென்ட் முடித்து, ரஃப் மெஷினிங்கும் செய்தாயிற்று. அப்புறம் உள்ளே ஒலி அலை செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனை வைத்தால் உள்ளே எதிரொலி காட்டுகிறது, பீஸ் ரிஜெக்ட். அடுத்த ஆர்டருக்கு இங்காட்டை, அதாவது அடிப்பதற்கு வாங்கும் வார்ப்பு ஸ்டீல் கட்டியை, வேறு முறையில் வார்த்ததாக வாங்கலாமா? ஒரு சப்ளையர் கீழிருந்து ஊற்றியது நல்லது என்கிறார். இன்னொருவர் கன்காஸ்ட் ரௌண்டே (தொடர்வார்ப்பில் வந்த உருளை) போதும், விலையும் குறைவு என்கிறார். மூன்றாமவர் ஈ.எஸ்.ஆர். (எலெக்ட்ரோஸ்லாக் முறையில் மறுபடி உருக்கியது) வாங்கிவிட்டால் தலைவலியே இல்லை என்கிறார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த முறை உயர்ந்தது என்று கேட்பதற்கு முன், உங்கள் பீஸை ரிஜெக்ட் ஆக்கியது எந்தக் குறை என்று தெரிந்தாக வேண்டும். ஒவ்வொரு குறையும் ஒவ்வொரு கட்டத்தில் உண்டாகிறது. ஹைட்ரஜனால் வந்த விரிசலுக்கு ஈ.எஸ்.ஆரில் பணம் போட்டால் அந்தப் பணம் வீண். மையத்தில் சுருக்கத் துளை விழும் இங்காட்டுக்கு, உருகிய ஸ்டீலை ஏந்தும் லேடிலில் எவ்வளவு நேரம் வெற்றிடம் பிடித்தாலும் பயனில்லை.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது இஎன் 19, இஎன் 24 போன்ற அலாய் ஸ்டீல்கள், 2 முதல் 15 டன் வரையிலான இங்காட்கள். நம் ஊர் ஃபோர்ஜிங் யூனிட்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான் வாங்குகின்றன.

## எதை வைத்து எடை போடுவது

ஹைட்ரஜன். உருகிய இரும்பில் 1600 டிகிரியில் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) வரை ஹைட்ரஜன் கரையும். கெட்டியாகி ஆறிய பிறகு 1 பிபிஎம் கூட அதில் தங்க இடமில்லை. ஈரமான ஸ்கிராப், ஈரமான சுண்ணாம்பு, சரியாகக் காயாத லேடில் லைனிங் எல்லாம் ஹைட்ரஜனைக் கொண்டுவந்து சேர்க்கும். மழைக்காலத்தில் ரிஜெக்ஷன் கூடுவதற்கு இது பெரிய காரணம். வெற்றிட வாயு நீக்கம் செய்யாத ஹீட்டில் (ஒரு தடவை உருக்கிய ஸ்டீலில்) 4 முதல் 6 பிபிஎம் சாதாரணம். ஃபோர்ஜிங்குக்கு 2 பிபிஎம்முக்குக் கீழே வேண்டும். மீறினால், அடித்த பீஸ் 200 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு, சில மணியிலோ சில நாளிலோ உள்ளே மயிரிழை விரிசல் விடும். ஃப்ளேக் என்பது இதுதான். இன்று சோதித்துத் தேறிய பீஸ் மூன்று நாள் கழித்துத் தோற்கக்கூடும்.

சுருக்கம். ஸ்டீல் உறையும்போது கன அளவில் சுமார் 3 சதவீதம் சுருங்குகிறது. 5 டன் இங்காட்டில் இது ஏறக்குறைய 20 லிட்டர் வெற்றிடம். அந்த வெற்றிடம் முழுவதும் தலைப்பகுதிக்கு, அதாவது ஹாட் டாப்புக்கு ஏறிவிட்டால் வெட்டி எறிந்துவிடலாம். தலை முந்தி உறைந்தால் மையத்தில் குழாய் போன்ற பைப்பாகவும் நுண்துளைகளாகவும் மாட்டிக்கொள்ளும்.

கலவை பிரிதல். கடைசியாக உறையும் திரவத்தில் கார்பன், சல்ஃபர், பாஸ்பரஸ் எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். இங்காட் பெரிதாக ஆக உறையும் நேரம் வேகமாக ஏறுகிறது. 600 மி.மீ. கனமுள்ளது உறையச் சுமார் இரண்டரை மணி என்றால், 1200 மி.மீ. கனமுள்ளதற்கு அதைப்போல நான்கு மடங்கு. அவ்வளவு நேரமும் உள்ளே கலவை பிரிந்துகொண்டிருக்கும். பிரான்ஸில் ஃபிளமான்வில் அணு உலைக் கலத்தின் மூடியில் 0.22 சதவீதம் இருக்க வேண்டிய கார்பன் 0.30 வரை இருந்தது 2015-ல் வெளியே வந்தது. பெரிய இங்காட்டின் கார்பன் செறிந்த பகுதி போதுமான அளவு நீக்கப்படாமல் ஃபோர்ஜிங்கிலேயே தங்கிவிட்டதுதான் காரணம்.

அந்நியத் துகள்கள். இன்குளூஷன் என்று நாம் சொல்லும் ஆக்சைடு, சல்ஃபைடு, சூடு தாங்கும் செங்கலின் துணுக்கு, ஸ்லாக் என்னும் கசடு. அமெரிக்காவின் டென்னஸியில் கல்லட்டின் அனல்மின் நிலையத்தில் 17 ஆண்டுகள் ஓடிய டர்பைன் ரோட்டர் ஒன்று 1974 ஜூன் 19 அன்று வெடித்துச் சிதறியது. ரோட்டரின் நடுத்துளைக்கு அருகே கூட்டமாக இருந்த மாங்கனீஸ் சல்ஃபைடு துகள்களில்தான் விரிசல் தொடங்கியிருந்தது.

இவை நான்கும் தரம் பற்றியவை. பணம் பற்றியவை இன்னும் இரண்டு: வாங்கிய எடையில் எவ்வளவு பயனாகிறது என்பது ஒன்று, உங்கள் பிரஸ் எவ்வளவு ஆழம் வரை அழுத்தும் என்பது மற்றொன்று. இரண்டாவதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

## உங்களைத் தோற்கடித்த குறை எது?

ரிஜெக்ட் ஆன பீஸை ஸ்கிராப்பில் போடும் முன் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். எதிரொலி சரியாக மையத்தில், நீளவாக்கில் தொடர்ந்து, இங்காட்டின் தலைப்பக்கம் வலுவாக இருந்தால் அது சுருக்கத்தின் வேலை. மையத்துக்கும் மேற்பரப்புக்கும் இடைப்பட்ட வளையத்தில் கூர்மையான பல எதிரொலிகள் காட்டினால் ஃப்ளேக் என்று சந்தேகியுங்கள். அந்தத் துண்டை ஹீட் ட்ரீட் செய்து உடைத்துப் பார்த்தால் முறிவில் வெள்ளிப் பொட்டுகளாகப் பளிச்சிடும். அங்கங்கே சிதறி, அதிலும் இங்காட்டின் அடிப்பக்கம் கூடுதலாக இருந்தால் இன்குளூஷன். சம அளவு தண்ணீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 70, 80 டிகிரிக்குச் சூடாக்கி அரை மணி அரிக்க விட்டால், கலவை பிரிந்த கோடுகளும் துளைகளும் கண்ணுக்கே தெரியும்.

பல லட்சம் ரூபாய் முடிவுக்கு முன்னால் செய்யவேண்டிய மலிவான சோதனை இது. இதைச் செய்யாமல் வார்ப்பு முறையை மாற்றாதீர்கள்.

## எந்த முறையானாலும் லேடிலில் முடிய வேண்டியவை

ஹைட்ரஜனைக் குறைக்கும் இடம் லேடில். 1 மில்லிபாருக்கும் கீழே வெற்றிடம் பிடித்து, அடியிலிருந்து ஆர்கான் விட்டுக் கலக்கி, 15 முதல் 20 நிமிடம் வைத்தால் 2 பிபிஎம்முக்குள் வந்துவிடும். வி.டி. என்று நாம் சொல்வது இதைத்தான். சல்ஃபரையும் நல்ல ஸ்லாக் வைத்து இங்கேயே இறக்க வேண்டும். இன்டக்‌ஷன் ஃபர்னஸில் மட்டும் உருக்கி நேரே ஊற்றும் இடத்தில் இவை எதுவும் நடக்காது. ஸ்கிராப்பில் என்ன பாஸ்பரஸ் வந்ததோ அதுவே இங்காட்டில் இருக்கும்.

ஆகவே கீழே சொல்லும் முதல் மூன்று முறைகளிலும் வி.டி. செய்தது, செய்யாதது என்று இரண்டு சரக்கு உண்டு. கீழிருந்து ஊற்றியது என்றாலே வாயு நீக்கியது என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். இரண்டும் தனித்தனி விஷயங்கள்.

## மேலிருந்து ஊற்றுவது

லேடிலிலிருந்து நேராக மோல்டுக்குள். ஸ்டீல் ஓடிப்போகும் ரன்னர் செங்கல் கிடையாது, தயாரிப்பு வேலை குறைவு, ஒற்றை இங்காட்டுக்கு வசதி. இதற்கு ஒரு உண்மையான தொழில்நுட்ப லாபமும் உண்டு. கடைசியாக ஊற்றும் சூடான ஸ்டீல் தலையில் நிற்பதால் அடி முந்தி உறைந்து தலை பிந்தி உறைகிறது. சுருக்கத்துக்கு ஈடு கொடுக்க இது சாதகமான வெப்பநிலை வரிசை.

தொல்லை, ஊற்றும் தாரையில்தான். திறந்த காற்றில் விழும் தாரை ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு போகிறது. அலுமினியம் போட்டுச் சுத்தம் செய்த ஸ்டீல் அங்கேயே மறுபடி அலுமினா துகள்களை உண்டாக்கிக்கொள்கிறது. தெறிக்கும் துளிகள் மோல்டு சுவரில் ஒட்டி உறைந்து மேற்பரப்பைக் கெடுக்கின்றன. அந்தத் தோலை அரைத்து எடுக்கும் கூலி, மெஷினிங் அலவன்ஸ் இரண்டும் இந்த முறையின் மறைமுகச் செலவு. தாரையைச் சுற்றி ஆர்கான் மறைப்பு கொடுத்தால் நிலைமை வெகுவாக மாறும். அதைச் செய்கிறார்களா என்று கேளுங்கள்.

மிகப் பெரிய ஃபோர்ஜிங் உலகில் மேல் ஊற்றுதான் ராஜா, ஆனால் வெற்றிடத்துக்குள். 1950-களில் அமெரிக்காவில் ரோட்டர்கள் அடுத்தடுத்து உடைந்த பிறகு, ஜெர்மனியின் போகும் நகரில் வளர்த்தெடுத்த முறை தொழிலெங்கும் பரவியது. மூடிய தொட்டிக்குள் மோல்டை வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, மேலிருந்து ஊற்றுவார்கள். தாரை துளித்துளியாகச் சிதறும்போதே ஹைட்ரஜன் கழன்றுவிடும். ஜப்பானின் முரோரானில் 600 டன் இங்காட்டுகளை வார்த்திருக்கிறார்கள். நம் 5 டன் ஷாஃப்ட்டுக்கு இந்த ஏற்பாடு தேவைப்படாது.

## கீழிருந்து ஊற்றுவது

நடுவில் ஒரு ஊற்றுக்குழாய், அடித்தட்டில் ரன்னர் செங்கல்கள், சுற்றிலும் மோல்டுகள். ஸ்டீல் மோல்டின் அடியிலிருந்து அமைதியாக ஏறுகிறது. மோல்டுக்குள் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்ட வார்ப்புப் பவுடர் உருகி, ஏறும் ஸ்டீலின் தலையை மூடிக்கொள்கிறது. தெறிப்பு இல்லை, தோல் சுத்தம். ஒரே ஹீட்டில் நாலு, ஆறு, எட்டு இங்காட்டுகள் ஒரே தரத்தில் கிடைக்கும். இந்த அளவு அலாய் ஸ்டீல் இங்காட்டுக்கு நான் முதலில் விசாரிக்கச் சொல்வது இதைத்தான்.

ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். சூடான ஸ்டீல் அடியிலிருந்து நுழைவதால், மேல் ஊற்றில் கிடைத்த சாதகமான வெப்பநிலை வரிசை இங்கே தலைகீழ். ஹாட் டாப்பில் நல்ல இன்சுலேட்டிங் போர்டு, ஊற்றி முடித்ததும் சூடு கொடுக்கும் பவுடர் இரண்டும் கட்டாயம். கஞ்சத்தனம் செய்தால் பைப் உடம்புக்குள் இறங்கிவிடும். இரண்டாவது ரன்னர் செங்கல். தரமற்ற ஃபயர்கிளே செங்கலை ஸ்டீல் அரித்துக்கொண்டு போனால், காற்றிலிருந்து காப்பாற்றிய சுத்தம் இங்கே போய்விடும். செங்கலுக்குள் மணல், தூசி, ஈரம் இருந்தாலும் அதே கதி.

ஊற்றும் சூடும் முக்கியம். உறைநிலைக்கு மேல் 30 முதல் 60 டிகிரிக்குள் வைப்பார்கள். அதைவிடச் சூடாக ஊற்றினால் மையத்தில் கலவை பிரிதலும் விரிசலும் கூடும். ஆறிப்போய் ஊற்றினால் துகள்கள் மிதந்து வெளியேற நேரமில்லை, ரன்னரிலேயே அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, ஊற்றி முடித்ததும் கிரேனுக்கு அவசரம் என்று மோல்டை நகர்த்தக் கூடாது. உள்ளே பாதி உறைந்த நிலையில் ஆட்டினால் மையம் கிழியும்.

மறைமுகச் செலவு: ரன்னரில் உறைந்து வீணாகும் ஸ்டீல், ஒவ்வொரு ஹீட்டுக்கும் செங்கல் அடுக்கும் கூலி, தலையில் 15 முதல் 20 சதவீதமும் அடியில் 3 முதல் 7 சதவீதமும் வெட்டி எறிவது. நூறு கிலோ வாங்கினால் கையில் நிற்பது முக்கால் பங்கு. தலைவெட்டும் அடிவெட்டும் மேல் ஊற்றுக்கும் உண்டு. அடிவெட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முந்தி உறைந்த படிகங்கள் துகள்களையும் இழுத்துக்கொண்டு அடியில்தான் படிகின்றன.

## கன்காஸ்ட் ரௌண்டு

தொடர்வார்ப்பில் தலை, அடி வெட்டு கிட்டத்தட்ட இல்லை. வார்த்ததில் 95 சதவீதத்துக்கு மேல் பயனாகும். இங்காட்டோடு ஒப்பிட்டால் விலை குறைவாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். சேலம் அருகே ஜே.எஸ்.டபிள்யூ. ஆலையிலேயே அலாய் ஸ்டீல் புளூம்கள் (பருத்த கட்டைகள்) இப்படி வருகின்றன. தரமும் ஹீட்டுக்கு ஹீட் சீராக இருக்கும்.

இதன் பலவீனம் மையக்கோடு. நீளமான கம்பமாக உறைவதால் சுருக்கத்துக்கு ஈடுகொடுக்கத் தலை என்று ஒன்று கிடையாது. மையத்தில் நுண்துளைகளும் கார்பன் செறிவும் வரிசையாக நிற்கும். மின்காந்தக் கலக்கி வைத்தால் குறையுமே தவிர, இல்லாமல் போகாது. அதை மூடுவது ஃபோர்ஜிங்கின் வேலை. இங்கேதான் கணக்குப் போட வேண்டும். 600 மி.மீ. ரௌண்டை 200 மி.மீ. ஷாஃப்ட்டாக இழுத்தால் பரப்புக் குறைப்பு 9-க்கு 1, தாராளம். அதே ரௌண்டை 400 மி.மீ. ஷாஃப்ட்டாக இழுத்தால் வெறும் 2.25-க்கு 1. குறைந்தது 3-க்கு 1, முடிந்தால் 4-க்கு 1 வேண்டிய இடத்தில் இது போதாது. விலை குறைவு என்று வாங்கி, குறைப்பு போதாமல் சோதனையில் தோற்றால் லாபம் எங்கே?

பொருளின் வடிவத்தையும் பாருங்கள். ரிங் அடிப்பவர்கள் மையத்தைக் குத்தி எடுத்துவிடுகிறார்கள். குறையுள்ள பகுதி துண்டாக வெளியே விழுந்துவிடுகிறது. அவர்களுக்குக் கன்காஸ்ட் அருமையான தேர்வு. துளை போடாத டிஸ்க் அடிப்பவர்களுக்கு நேர் எதிர். நெடுக்காக நின்ற மையத் துளைகள், அப்செட் செய்யும்போது, அதாவது நீளவாக்கில் அழுத்திக் குட்டையாக்கும்போது, தட்டையாகப் பரவி, அல்ட்ராசோனிக் பீமுக்கு முகம் காட்டி நிற்கும்.

## ஈ.எஸ்.ஆர்.

முதலில் ஒரு எலெக்ட்ரோடு வார்த்து, அதை உருகிய ஸ்லாக் வழியே மின்சாரத்தால் துளித்துளியாக உருக்கி, தண்ணீர் ஓடும் செம்பு மோல்டில் மறுபடி உறைய வைப்பது. கீவ் நகரின் பாட்டன் நிறுவனம் வளர்த்த இந்த முறைக்கு 1958-ல் உக்ரைனின் ஸபோரிஷியாவில் முதல் தொழில்முறை உலை ஓடியது. ஒரு நேரத்தில் உருகியிருப்பது ஒரு சின்னக் குட்டை அளவு மட்டும். அதுவும் அடியிலிருந்து மேலாக உறைகிறது. அதனால் பைப் இல்லை, கலவை பிரிதல் மிகக் குறைவு, சல்ஃபரும் பெரிய துகள்களும் ஸ்லாக்கில் போய்விடும். ரோல்கள், டை ஸ்டீல், டூல் ஸ்டீல் ஆகியவற்றுக்கு இதற்கு இணை இல்லை.

விலைக்கான காரணம் தெளிவு. ஒரே ஸ்டீலை இரண்டு முறை உருக்குகிறோம். மறு உருக்கத்துக்கு மட்டும் டன்னுக்கு 1000 முதல் 1500 யூனிட் மின்சாரம் ஆகிறது. வேகமும் இல்லை. மணிக்கு எத்தனை கிலோ என்பதற்குப் பழக்கத்தில் உள்ள கணக்கு, மோல்டு விட்டத்தின் மி.மீ. எண்ணை ஒட்டியே இருக்கும். 600 மி.மீ. மோல்டு என்றால் மணிக்கு 600 கிலோ அல்லது அதைவிடக் கொஞ்சம் குறைவு. அவசரப்பட்டு வேகமாக ஓட்டினால் குட்டை ஆழமாகி, எதற்காக ஈ.எஸ்.ஆர். வாங்கினோமோ அந்தப் பலன் போய்விடும்.

ஹைட்ரஜனை ஈ.எஸ்.ஆர். எடுக்காது. ஃப்ளோரைடும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்த ஸ்லாக் ஈரத்தை உறிஞ்சும். காயவைக்காமல் போட்டால் ஹைட்ரஜன் உள்ளே ஏறும். எலெக்ட்ரோடு வி.டி. செய்ததா, ஸ்லாக்கைச் சுட்டுக் காயவைத்தார்களா, உருக்கும்போது உலர்ந்த காற்றோ ஆர்கானோ மூடியிருந்ததா என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

வெற்றிடத்தில் ஆர்க் மூலம் மறு உருக்கம் செய்யும் வி.ஏ.ஆர். முறை ஹைட்ரஜனையும் எடுத்துவிடும். ஹைதராபாத்தின் மிதானி போன்ற இடங்களில் விமானம், விண்வெளித் தேவைகளுக்கு அது ஓடுகிறது. சல்ஃபர் அதில் குறையாது, மாங்கனீஸ் ஆவியாகும். சாதாரண அலாய் ஸ்டீல் ஷாஃப்ட்டுக்கு அந்தச் செலவு நியாயமில்லை.

## ஒரே பார்வையில்

| | மேல் ஊற்று | கீழ் ஊற்று | கன்காஸ்ட் ரௌண்டு | ஈ.எஸ்.ஆர். |
|---|---|---|---|---|
| ஹைட்ரஜன் | வி.டி.யைப் பொறுத்தது | வி.டி.யைப் பொறுத்தது | வி.டி.யைப் பொறுத்தது | குறையாது, ஏறவும் கூடும் |
| மையச் சுருக்கம் | ஹாட் டாப் நன்றாக இருந்தால் நல்லது | ஹாட் டாப்பில் கூடுதல் கவனம் | எப்போதும் கொஞ்சம் உண்டு | கிட்டத்தட்ட இல்லை |
| கலவை பிரிதல் | இங்காட் அளவோடு ஏறும் | இங்காட் அளவோடு ஏறும் | மையக்கோட்டில் | மிகக் குறைவு |
| துகள்கள் | காற்றுபட்ட ஆக்சைடு | ரன்னர் செங்கல் அரிப்பு | குறைவு, சீரானது | மிகக் குறைவு |
| மேற்பரப்பு | சுமார் | நல்லது | நல்லது | நல்லது |
| பயனாகும் எடை | முக்கால் பங்கு | முக்கால் பங்கு | 95%-க்கு மேல் | தலைவெட்டு குறைவு, ஆனால் இரு முறை உருக்கம் |
| எங்கே பொருந்தும் | ஒற்றை இங்காட், எளிய சோதனை | பெரிய ஷாஃப்ட், டிஸ்க் | ரிங், மெல்லிய ஷாஃப்ட் | டை, ரோல், கடுமையான சோதனை |

## பிரஸ் சின்னதாக இருந்தால்

இங்காட்டில் கொஞ்சம் மையத் துளை இருப்பது இயல்பு. சூட்டில் நன்றாக அழுத்தினால், உட்சுவர் ஆக்சைடு ஆகாத துளைகள் ஒட்டி மூடிக்கொள்ளும். ஆனால் அழுத்தம் மையம் வரை போக வேண்டும். டையின் கடிக்கும் அகலம் பீஸின் உயரத்தில் பாதியாவது இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. சின்னப் பிரஸ்ஸில், குறுகிய டையில், பெரிய இங்காட்டை அடித்தால் தோல் மட்டும் நீளும், மையம் இழுபட்டுத் துளை இன்னும் பெரிதாகும். இங்காட் தயாரித்தவர் மேல் பழி விழும் பல ரிஜெக்ஷன்களில் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது. பெரிய பிரஸ் கைவசம் இல்லாதவர் பெரிய இங்காட் வாங்குவதைவிட, பொருளுக்குப் போதும் அளவுக்குச் சின்ன இங்காட் வாங்குவதே மேல். அது சீக்கிரம் உறைவதால் உள்ளேயும் சுத்தமாக இருக்கும்.

வி.டி. சரக்கு கிடைக்காத இடத்தில், அடித்த பீஸை ஆற விடாமல் நேரே ஃபர்னஸில் ஏற்றி, 600 முதல் 650 டிகிரியில் நெடுநேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றலாம். கனம் இரட்டித்தால் வைக்கவேண்டிய நேரம் நான்கு மடங்காகும். 150 மி.மீ. கனத்துக்குக் கட்டுப்படியாகும். 500 மி.மீ. கனத்துக்கு கேஸ் பில்லைப் போட்டுப் பாருங்கள். வி.டி. செய்த இங்காட்டின் கூடுதல் விலை அதைவிடக் குறைவாகவே வரும்.

## நான் எதை வாங்கச் சொல்வேன்

ரிங், ஃபிளாஞ்ச், நடுத்துளை போடும் பீஸ்: வி.டி. செய்த கன்காஸ்ட் ரௌண்டு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஷாஃப்ட்: குறைப்பு 4-க்கு 1 தாண்டினால் கன்காஸ்ட், தாண்டாவிட்டால் வி.டி. செய்து கீழிருந்து ஊற்றிய இங்காட். துளையில்லாத டிஸ்க், கியர் பிளாங்க் என்றால் இங்காட்டேதான்.

அல்ட்ராசோனிக் சோதனையே கேட்காத, சுமை குறைந்த பொருளுக்கு மேல் ஊற்று இங்காட் போதும். அதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம். டை பிளாக், குளிர் உருட்டு ரோல், கண்ணாடி போல் பாலிஷ் வேண்டிய மோல்டு ஸ்டீல் என்றால் ஈ.எஸ்.ஆரில் போட்ட பணம் திரும்பி வரும்.

பர்ச்சேஸ் ஆர்டரில் வெறுமனே 'அல்ட்ராசோனிக் தேற வேண்டும்' என்று எழுதாதீர்கள். ஏ.எஸ்.டி.எம். ஏ388 சோதிக்கும் முறையை மட்டுமே சொல்கிறது. எந்த அளவு எதிரொலி வரை ஏற்பது என்பதை வாங்குபவர்தான் எழுத வேண்டும். ஈ.என். 10228 மூன்றாம் பகுதியைக் குறிப்பிட்டால் 1 முதல் 4 வரை தரவகுப்புகளில் ஒன்றைச் சொல்லிவிடலாம், 4 மிகக் கடுமையானது. அதோடு லேடிலில் அளந்த ஹைட்ரஜன் மதிப்பு, ஊற்றிய சூடு, தலையிலும் அடியிலும் எத்தனை சதவீதம் வெட்டப்படும், இங்காட்டின் தலைப்பக்கத்துக்கு முத்திரை ஆகிய நான்கையும் ஹீட் நம்பரோடு கேளுங்கள். தலைப்பக்க முத்திரை இல்லாவிட்டால், தோற்ற பீஸில் எதிரொலி எந்த முனையிலிருந்து தொடங்குகிறது என்று சப்ளையரிடம் காட்டவே முடியாது.